நூற்று இரண்டு சென்டிமீட்டர்

குளிர்பெட்டி வந்த அட்டையில்
ஒரு பிள்ளையை வெட்டியெடுத்தோம்.
உயரம் நூற்று இரண்டு சென்டிமீட்டர்.
நாலு வயதுக்கு அவ்வளவுதான் என்றாள் லோஷினி.
தம்பியைச் சுவரோடு நிறுத்தி
பென்சில் கோடு போட்டு வந்திருந்தாள்.
சியூ யென் முகம் வரையப் போனாள்.
கண் இருக்க வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தவள்
எடுத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
புறப்பாட மதிப்பெண்ணுக்காகத்தான் சேர்ந்தேன்.
படிவம் நான்கு. ஓட்டம் வராது, பாட்டும் வராது.
அறிவிப்புப் பலகையில் 'சன்னல் கணக்கு' என்றிருந்தது.
கணக்கு எனக்கு வரும்.

செந்தூலில் எங்கள் பள்ளிக்குப் பின்னால்
பதினேழு மாடி, இரண்டு புளோக்.
ஒரு லிஃப்ட் ஓடும்.
இன்னொன்று எப்போதும் நாளைக்கு ஓடும்.
சனிக்கிழமை காலை
அட்டைப் பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கதவு கதவாகத் தட்டினோம்.
மலாயில் ஐனா, தமிழில் நான்:
உங்கள் வீட்டுச் சன்னலை அளக்கலாமா?

ஆறாம் மாடியில் ஒருவர் விரட்டினார்.
ஒருவர் எங்களை எம்.பி. அனுப்பிய ஆள்கள் என்று நினைத்து
ஒழுகும் குழாயைக் காட்டினார், அதையும் எழுதிக்கொண்டோம்.
ஒரு வீட்டில் மைலோ கிடைத்தது.
ஒரு வீட்டில் நல்ல கம்பி,
கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது பாலர்பள்ளிச் சீருடை.
எண்ணிக்கை ஒன்று குறைகிறதே என்று
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது எனக்கு.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலும் இப்படித்தான்:
சன்னல், சன்னலுக்குக் கீழே கட்டில்.
கட்டில்மேல் அட்டைப் பிள்ளையை நிறுத்தினால்
சன்னல் விளிம்பு அதன் தொடைக்கு வரும்.
வீட்டுக்காரர்கள் அப்போதுதான் பேச்சை நிறுத்துவார்கள்.
துண்டறிக்கையில் நாங்கள் அச்சடித்த எதற்கும்
அந்த அமைதி கிடைத்ததில்லை.

பன்னிரண்டாம் மாடி, ஒன்பதாம் எண்.
தொழிற்சாலை நீலச் சட்டையில் ஒரு பெண்,
இரவு வேலை முடிந்த கண்.
ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார்.
நான் அட்டையைக் கட்டில்மேல் சாய்த்துவிட்டு
அளவு நாடாவை இழுத்துக்கொண்டிருந்தேன்.
அவர் நடந்து வந்தார்.
அட்டைப் பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத்
தூக்கி
சுவரோரம் தரையில் உட்கார வைத்தார்.
அது மடங்காத அட்டை. சரிந்தது.
மறுபடி வைத்தார்.
'இங்கேயே இரு' என்றார்.
எங்களிடம் இல்லை.

அந்தச் சன்னலில் கம்பி இருந்தது.
புதுக் கம்பி.
பெயின்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை.
நாடா தானாகச் சுருண்டு என் விரலில் அடித்தது.
படிவத்தில் 'கம்பி உண்டு' என்ற கட்டத்தில்
ஒரு சரி போட வேண்டும்.
யாரும் போடவில்லை.

அட்டையை அங்கேயே விட்டு வந்தோம்.
திரும்பக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.
அடுத்த வாரம் வேறொன்று,
சலவை இயந்திர அட்டையில்.

மாநகர் மன்றத்துக்கு இருநூற்றுப் பதினெட்டு அஞ்சலட்டை.
ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு எண், ஓர் அளவு.
கவிதேஷ் ஒரு கவிதை சேர்க்கலாம் என்று கெஞ்சினான்.
வேண்டாம் என்றோம்.
பதில் மூன்று வரி, ஒரு முத்திரை:
கவனத்தில் கொள்ளப்பட்டது.
இன்னும் இருநூற்றுப் பதினெட்டு அனுப்பினோம்.

நாலாவது மாதம் வெல்டிங்காரர்கள் வந்தார்கள்.
தரைத்தளத்திலிருந்து தொடங்கி
நாலாம் மாடியோடு நின்றுவிட்டார்கள்.
மேலே ஏன் இல்லை என்று கேட்டோம்.
லிஃப்ட் சின்னது, கம்பி பெரிசு, என்றார்கள்.

இன்று சனிக்கிழமை.
படிக்கட்டில் நாற்பத்தொரு பேர்.
பாதிப் பேர் மதிப்பெண்ணுக்காக வந்தவர்கள்,
முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.
இருக்கட்டும்.
ஏழாம் மாடித் திருப்பத்தில் எவனோ கத்துகிறான்:
மெதுவா, மெதுவா, மூலை இடிக்குது,
இந்தப் பக்கம் தூக்கு,
இன்னும் கொஞ்சம் மேலே.